போன வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு

தமிழ்நாடு பொதுப்பணித் துறையில் ஒரு கட்டடத்துக்கு எஸ்டிமேட் போடுகிற பொறியாளர் இரண்டு ஏடுகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். ஒன்று 'டேட்டா'. இவ்வளவு கனமீட்டர் கான்கிரீட் போட எவ்வளவு சிமென்ட், எவ்வளவு மணல், எவ்வளவு ஜல்லி, முதல் வகுப்புக் கொத்தனார் எத்தனை பேர், இரண்டாம் வகுப்புக் கொத்தனார் எத்தனை பேர், மஸ்தூர் எத்தனை பேர் என்ற கணக்கு அதில் இருக்கும். இன்னொன்று ஆண்டுதோறும் வரும் விலை விகிதப் பட்டியல், பேச்சில் 'எஸ்.ஆர்.'. டேட்டா அபூர்வமாகவே மாறும். எஸ்.ஆர். ஒவ்வோர் ஆண்டும் மாறும். இரண்டையும் பெருக்கினால் அந்த ஆண்டுக்கான எஸ்டிமேட் கிடைத்துவிடும். மாறுவதையும் மாறாததையும் பிரித்துவைத்த இந்த ஏற்பாடு அலுவலகங்களுக்குக் கணினி வருவதற்கு வெகுகாலம் முந்தியது. இன்று வேலை மேலாண்மை மென்பொருள்களில் டெம்ப்ளேட் என்ற பெயரில் உருவாகிறவற்றில் பெரும்பகுதி இந்த ஒழுங்கைக்கூட எட்டவில்லை.

டெம்ப்ளேட் பிறக்கும் விதமே அதற்குக் காரணம். ஒரு வேலை நல்லபடியாக முடிகிறது. அதே மாதிரி இன்னொன்று வருகிறது. "போன தடவை பண்ணினதையே காப்பி பண்ணிடுங்க" என்கிறார் மேனேஜர். மென்பொருளில் அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் நூறு பணிகளும் புதிய பெயரில் வந்து உட்காருகின்றன. வேண்டாதவையும் கூடவே வந்துவிடுகின்றன: வேலையை விட்டுப் போன சூப்பர்வைசரின் பெயர், போன வருடத் தீபாவளிக்காக விட்ட இடைவெளி, பழைய வீட்டுக்காரர் வாஸ்து பார்த்து இடம் மாற்றச் சொன்ன படிக்கட்டு. மூன்றாவது முறை காப்பி எடுக்கும்போது அந்தப் படிக்கட்டு யாருடையது என்று சொல்ல ஆளிருக்காது. ஆனாலும் அது பட்டியலில் இருக்கும், யாரோ அதற்கு டிக் போட்டுக்கொண்டும் இருப்பார்.

டெம்ப்ளேட்டுகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நேர மிச்சத்தைச் சுற்றியே நடக்கிறது. நேரம் மிச்சமாவது உண்மைதான், ஆனால் அது சின்ன ஆதாயம். இந்த வகை வேலையை இப்படித்தான் செய்வது என்று ஒரு நிறுவனம் எடுத்துவைத்திருக்கும் முடிவுதான் டெம்ப்ளேட். முடிவு என்றால் அதைத் திருத்த வழி இருக்க வேண்டும். டெம்ப்ளேட்டிலிருந்து வேலைக்குப் போகும் பாதையை எல்லா மென்பொருள்களும் ஒரே சொடுக்கில் போட்டுத் தருகின்றன. வேலையிலிருந்து டெம்ப்ளேட்டுக்குத் திரும்பி வரும் பாதைதான் அநேகமாக இல்லை. தேதியை எப்படி வைப்பது, எத்தனை பணிகள் இருக்கலாம், யார் எழுதுவது என்று இந்தத் துறையில் நடக்கும் விவாதங்கள் எல்லாமே அந்தத் திரும்பும் பாதையில் வந்துதான் முட்டுகின்றன என்பது என் எண்ணம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1957இல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் 'கிரிட்டிக்கல் பாத்' முறையை உருவாக்கினார்கள். எது எதற்குப் பிறகு, எது தாமதமானால் மொத்த வேலையும் தாமதமாகும் என்பதைக் கணினியில் கணக்கிடும் முறை அது. அடுத்த ஆண்டே அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு 'பெர்ட்' முறையைக் கொண்டுவந்தது. பெயர் வாங்கியது ஏவுகணை. ஆனால் நம் கேள்விக்கு முக்கியம் டூபான்ட் லூயிவில் ஆலையில் நடந்தது. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தி மறுபடி ஓடவிடுகிற, திரும்பத் திரும்ப வரும் வேலைக்கு அந்த முறையைப் பயன்படுத்தினார்கள். 125 மணி நேரம் பிடித்த நிறுத்தம் 78 மணி நேரமாகக் குறைந்தது. ஒரே வேலை மீண்டும் வருகிற இடத்தில்தான் ஒருமுறை போட்ட திட்டத்துக்கு இரண்டாம் முறை மதிப்பு கூடுகிறது. பிறகு 1984இல் மைக்ரோசாப்ட் ப்ராஜெக்ட், 2002இல் ஜிரா, 2004இல் பேஸ்கேம்ப், 2006இல் சென்னையிலிருந்து ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ் (அப்போது நிறுவனத்தின் பெயர் அட்வென்ட்நெட்), 2011இல் டிரெல்லோ என்று வரிசையாக வந்தன. பிளம்பர், எலக்ட்ரீஷியன் போன்றோரின் சிறு நிறுவனங்களுக்கென்றே ஆஸ்திரேலியாவில் சர்வீஸ்எம்8, நியூசிலாந்தில் டிரேடிஃபை போன்றவை உருவாயின. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் டெம்ப்ளேட் உண்டு.

நாள் என்றால் எந்த நாள்

டெம்ப்ளேட்டில் முதலில் தடுக்குவது தேதி. வேலைகள் இரண்டு விதம். சில முன்னாலிருந்து ஓடுகின்றன, வீடு கட்டுவது போல. சில பின்னாலிருந்து எண்ணப்படுகின்றன, ஆடிட்டர் அலுவலகத்தில் ரிட்டர்ன் போடுவது போல. இரண்டுக்கும் ஒரே மாதிரி டெம்ப்ளேட் செய்யப் போய்ச் சிக்கிக்கொண்ட அலுவலகங்கள் நிறைய.

வீட்டை எடுத்துக்கொள்வோம். 'நாள் 20: சுவர் வேலை' என்று டெம்ப்ளேட்டில் எழுதுவது சுலபம். அஸ்திவாரம் ஐந்து நாள் இழுத்தால் அந்த இருபதுக்கு அது தெரியாது. நாள் வந்ததும் கொத்தனாருக்கு நினைவூட்டல் போய்விடும். அஸ்திவாரம் முடிந்தபின் சுவர் என்று சார்பாக எழுதினால் ஒன்று நகரும்போது மற்றதும் நகரும். இதுவரை யாரும் ஒப்புக்கொள்வார்கள். சிக்கல் இரண்டு பணிகளுக்கு நடுவே உள்ள காத்திருப்பில் இருக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000, சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள் க்யூரிங் செய்யச் (ஈரம் காயாமல் வைத்திருக்கச்) சொல்கிறது. கலப்பு சிமென்ட் என்றால் 10 நாள். வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் இவை முறையே 10, 14 நாளாகக் கூடும். சாதாரண சிமென்ட்டில் ரூஃப் ஸ்லாபின் ஸ்பான் 4.5 மீட்டருக்குள் என்றால் முட்டுகளை 7 நாளில் பிரிக்கலாம், மேற்பட்டால் 14 நாள் நிற்க வேண்டும்.

இந்த ஏழு நாளை வேலை நாள் கணக்கில் எழுதினால் தப்பு. கான்கிரீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வாரத்துக்கு ஆறு வேலை நாள் உள்ள காலண்டரில் ஏழு வேலை நாள் என்பது எட்டாகிவிடும். பொங்கல் குறுக்கிட்டால் இன்னும் மூன்று நாள் ஏறும். ஸ்லாப் எப்போதோ தயாராகி நிற்க, மென்பொருள் ஆட்களைத் தடுத்துவைத்துக்கொண்டிருக்கும். மைக்ரோசாப்ட் ப்ராஜெக்டில் இதற்காகவே விடுமுறைகளைச் சேர்த்தே எண்ணும் 'எலாப்ஸ்டு' நாள் என்ற தனி அலகு இருக்கிறது. எளிமையை விளம்பரம் செய்யும் பல புதிய மென்பொருள்களில் இல்லை. இன்னொன்று: பொங்கல் மூன்று நாளும் அந்த ஸ்லாபில் தண்ணீர் கட்டிவைக்க ஓர் ஆள் வேண்டும். 'காத்திருப்பு' என்று டெம்ப்ளேட் சொல்லும் இடத்தில் உண்மையில் ஒரு வேலை ஒளிந்திருக்கிறது. சைட்டில் நின்றவர் எழுதினால்தான் அது பட்டியலுக்கு வரும்.

காலண்டர் டெம்ப்ளேட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கட்டட வேலையே போதுமான சாட்சி. பிப்ரவரியில் தோண்டும் அஸ்திவாரமும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் தோண்டும் அஸ்திவாரமும் பட்டியலில் ஒரே வரிதான்; மண்ணில் ஒன்றல்ல. ஆடியில் பூமி பூஜை போடத் தயங்குவார்கள், மார்கழியில் கிரகப்பிரவேசம் வைக்கமாட்டார்கள். பீகாரிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஹோலிக்கும் சட் பூஜைக்கும் ஊருக்குப் போவார்கள் என்பதால் சென்னை சைட்டுகளின் காலண்டரில் அந்த இரண்டு பண்டிகைகளும் இன்று தீபாவளியளவுக்கு முக்கியம். இதையெல்லாம் பணிகளின் நாள் எண்ணிக்கைக்குள் திணித்துவைத்தால் டெம்ப்ளேட் ஓராண்டுக்குத்தான் தாங்கும்.

விலைக்கும் இதே கதை. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18ஆகக் குறைந்தது. மூட்டைக்கு இத்தனை ரூபாய் என்று வரியோடு சேர்த்து டெம்ப்ளேட்டுக்குள் எழுதியிருந்தால் அன்று காலை ஒவ்வொரு டெம்ப்ளேட்டையும் திறந்து திருத்த வேண்டும். மூட்டைக் கணக்கு டெம்ப்ளேட்டிலும் விலை தனிப் பட்டியலிலும் இருந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். பொதுப்பணித் துறையின் டேட்டாவும் எஸ்.ஆரும் பிரிந்திருப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது. அரசு அனுமதியும் அப்படியே. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுய சான்று முறையைக் கொண்டுவந்தது; 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீட்டுக்கு உடனடியாக இணையவழி அனுமதி கிடைக்கிறது. அதற்கு முன் எழுதிய டெம்ப்ளேட்டில் 'பிளான் அப்ரூவல்' என்று நீண்டு படுத்திருக்கும் காத்திருப்பு, சிறிய வீடுகளைப் பொறுத்தவரை வெறும் பழக்கம்.

ஆடிட்டர் அலுவலகத்தில் எல்லாம் தலைகீழ். அங்கே கெடு முதலில் வருகிறது. மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-1 அடுத்த மாதம் 11ஆம் தேதி, 3பி 20ஆம் தேதி. டி.டி.எஸ். கட்ட அடுத்த மாதம் 7ஆம் தேதி. கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணி, பில்களைக் கேட்டு வாடிக்கையாளருக்கு போன் போட வேண்டிய நாளைக் கண்டுபிடிக்க வேண்டும். 'ஒவ்வொரு மாதமும் 7' என்று டெம்ப்ளேட்டில் எழுதிவிட்டால் பதினொரு மாதம் சரியாக ஓடும். மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் கெடு ஏப்ரல் 30 என்பது அதில் இருக்காது. கெடு நீட்டிப்பும் வரும். 2025இல் தனிநபர் வருமான வரி ரிட்டர்னுக்கு ஜூலை 31 என்றிருந்த நாள் செப்டம்பர் 15ஆகி, கடைசி நேரத்தில் 16ஆனது. கெடுவை ஒரே இடத்தில் நங்கூரமாக வைத்து மற்ற பணிகளை அதிலிருந்து எண்ணியிருந்தால் ஒரு திருத்தத்தில் எல்லா வாடிக்கையாளர்களின் வேலையும் நகரும். ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியே தேதி அடித்திருந்தால் ஆர்ட்டிகிள் மாணவர்கள் ஒரு நாள் முழுக்க தேதி மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஆள் பெயர் விஷயத்தில் விவாதமே தேவையில்லை. டெம்ப்ளேட்டில் பெயர் கூடாது, பொறுப்பு இருக்கலாம். 'சைட் இன்ஜினியர்', 'எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர்' என்று எழுதிவைத்து, வேலை தொடங்கும்போது ஆளைப் பொருத்துவது. மைக்ரோசாப்ட் ப்ராஜெக்டிலும் அசானா என்ற மென்பொருளிலும் இதற்கு வசதி உண்டு. இல்லாத மென்பொருளில் 'சைட் இன்ஜினியர்' என்றே பெயர் வைத்து ஒரு போலிப் பயனரை உருவாக்கிவிடுகிறார்கள். அழகில்லை, ஆனால் வேலை நடக்கிறது.

எத்தனை வரி தாங்கும்

டெம்ப்ளேட்டுகள் வளருமே தவிர மெலிவதில்லை. ஒரு வீட்டில் குளியலறை நீர் கசிந்தால் மறுநாள் டெம்ப்ளேட்டில் 'வாட்டர் புரூஃபிங் சோதனை' என்று ஒரு வரி சேர்கிறது. நியாயம்தான். ஆனால் ஒரு வரியை எடுக்க யாருக்கும் துணிவு வராது. எடுத்தபின் ஏதாவது நடந்தால் பழி எடுத்தவர் மேல். இப்படியே முப்பது வரி நூற்றைம்பதாகும். நூற்றைம்பது ஆனதும் மனிதர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்கிறார்கள்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் மொத்தமாக டிக் போடுகிறார்கள்.

பட்டியல்கள் உண்மையிலேயே பயன் தருகின்றனவா என்பதை அளந்து பார்த்த துறை மருத்துவம். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் மட்டுமே உண்டு. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7ஆகவும் குறைந்திருந்தன. உலகமே அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டது. 2014இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலிருந்து வந்த ஆய்வு வேறு கதை சொன்னது. 101 மருத்துவமனைகள், அதே வகைப் பட்டியல். இறப்பு விகிதம் 0.71இலிருந்து 0.65. புள்ளியியல் கணக்கில் அதை மாற்றம் என்றே சொல்ல முடியாது. பட்டியலைப் பின்பற்றுவதாக மருத்துவமனைகள் கொடுத்த கணக்கோ மிக உயரத்தில் இருந்தது.

இரண்டு ஆய்வுகளுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. ஆரம்ப நிலையே வேறு, ஒன்டாரியோவில் குறைக்க அதிகம் மிச்சமில்லை என்பது ஒரு பக்கம். எனக்கு வலுவாகப் படுவது மறுபக்கம். எட்டு மருத்துவமனைகளில் பட்டியல் ஓர் ஏற்பாட்டோடு வந்தது: உள்ளூர்க் குழுக்கள், பயிற்சி, குறைகளைப் பேசித் தீர்ப்பது. ஒன்டாரியோவில் அது மேலிருந்து வந்த உத்தரவு, பின்பற்றியதற்கு அறிக்கை தர வேண்டும். காகிதம் ஒன்றுதான், அதைச் சுற்றி நடந்தது வேறு. மென்பொருள் விற்பவர்கள் '500 டெம்ப்ளேட்டுகள் இலவசம்' என்று சொல்லும்போது அவர்கள் தருவது காகிதத்தை மட்டுமே.

நீளத்துக்குக் கட்டடத் துறை கண்டுபிடித்த ஒரு தீர்வு உண்டு. பெரிய திட்டங்களுக்குப் பிரைமவேரா மென்பொருளைப் பயன்படுத்தும் பிளானிங் இன்ஜினியர்கள் 'ஃபிராக்நெட்' என்பார்கள்: முழு வேலைக்கும் ஒரே டெம்ப்ளேட் வைக்காமல், ஒரு மாடிக்கு ஒன்று, ஒரு குளியலறைக்கு ஒன்று, ஒரு லிஃப்ட் குழிக்கு ஒன்று என்று சிறு துண்டுகளாக வைத்துக்கொள்வது. நான்கு மாடி என்றால் மாடித் துண்டை நான்கு முறை செருகுவது. குளியலறை வேலை மாறினால் அந்தத் துண்டு மட்டும் திருத்தப்படும். 'இரண்டு படுக்கையறை வீடு', 'மூன்று படுக்கையறை வீடு', 'கார் நிறுத்தத்தோடு மூன்று படுக்கையறை வீடு' என்று முழு டெம்ப்ளேட்டுகளைப் பெருக்குகிறவர்களுக்கு இது நல்ல மாற்று. ஆனால் துண்டுகளைப் பொருத்தத் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். சிறு நிறுவனங்களில் அந்த ஒருவர் பெரும்பாலும் முதலாளியே.

நகல், இணைப்பு, பதிப்பு

இனி வருவதுதான் தொழில்நுட்ப அளவில் மிகக் கடினமான கேள்வி. டெம்ப்ளேட்டைத் திருத்தினால் ஏற்கெனவே அதிலிருந்து பிறந்து நடந்துகொண்டிருக்கும் வேலைகள் என்னாக வேண்டும்?

பெரும்பாலான மென்பொருள்களின் விடை: ஒன்றும் ஆகாது. பிறந்த கணத்திலேயே உறவு அறுந்துவிடும். வேலை என்பது நகல். இதில் பயமில்லை. ஆனால் திருத்தம் எங்கும் போய்ச் சேராது. இன்னொரு விடை, இணைத்தே வைப்பது. ஜிராவில் இரண்டு விதமும் உண்டு. நிறுவன அளவில் நிர்வகிக்கும் ப்ராஜெக்டுகள் ஒரே பணிப்போக்கைப் பகிர்ந்துகொள்ளலாம்; அதை ஓரிடத்தில் மாற்றினால் பகிர்ந்துகொண்ட எல்லாவற்றிலும் மாறும். குழுவே நிர்வகிக்கும் ப்ராஜெக்டுகள் தனித்தனி. முதல் வகையில் ஒரு நிலையைச் சேர்க்கக் கேட்டால் நிர்வாகி பத்துக் குழுக்களிடம் சம்மதம் கேட்க வேண்டியிருப்பதால் மாற்றமே நடப்பதில்லை. இரண்டாம் வகையில் எல்லோரும் இஷ்டப்படி மாற்றுவார்கள்; கொஞ்ச காலத்தில் எந்த இரண்டு குழுக்களும் ஒன்றுபோல வேலை செய்யாது. அசானாவின் 'பண்டில்' வசதி நடுவழி: விதிகள், புலங்கள் போன்றவற்றை இணைத்துவைக்கும், பணிகள் நகலாகவே இருக்கும்.

இணைப்பே நல்லது என்று நினைப்பவர்கள் வருமான வரியைப் பார்க்க வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வருகிறது. 'அசெஸ்மென்ட் இயர்' போய் 'டாக்ஸ் இயர்' வருகிறது. கான்ட்ராக்டர் பிடித்தத்துக்கு 194சி, தொழில்முறைக் கட்டணத்துக்கு 194ஜே என்று ஆடிட்டர் அலுவலகங்களில் நாக்கில் ஊறிப்போன எண்கள் 393ஆம் பிரிவுக்குள் அடங்கிவிடுகின்றன. டெம்ப்ளேட்டைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் திருத்தம் எல்லா வேலைக்கும் தானாகப் பாய்ந்தால் ஆபத்து. அந்த ஏப்ரலுக்கு முந்தைய ஆண்டின் கணக்குகளைப் பழைய சட்டப்படியேதான் முடிக்க வேண்டும். ஒரே மேசையில் ஒரே வாடிக்கையாளருக்குப் பழைய எண்ணோடு ஒரு வேலையும் புதிய எண்ணோடு ஒரு வேலையும் சில காலம் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். நகல் முறையில் புதுத் திருத்தம் சேராது. இணைப்பு முறையில் பழையது அழிந்துவிடும்.

இங்கே வேண்டியது பதிப்பு. டெம்ப்ளேட்டின் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு தேதி, ஒவ்வொரு வேலையிலும் அது எந்தப் பதிப்பிலிருந்து பிறந்தது என்ற குறிப்பு. மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களுக்கு இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்கிறார்கள். அவர்களே விற்கும் வேலை மேலாண்மை மென்பொருளில் பெரும்பாலும் அது இல்லை என்பது வேடிக்கை. ஆனால் கையால் செய்ய முடியும். டெம்ப்ளேட்டின் பெயரிலேயே 'டி.டி.எஸ். 2026 ஏப்ரல்' என்று மாதத்தைச் சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. பழையதை அழிக்காமல் 'காலாவதி' என்று பெயர் மாற்றி ஒதுக்கிவைத்தால் மீதியும் முடிந்தது.

இன்னொரு நகலையும் வெளியே வைத்திருப்பது நல்லது. நியூசிலாந்தின் ஸீரோ நிறுவனம், ஆடிட்டர்களும் கட்டடக்கலைஞர்களும் பரவலாகப் பயன்படுத்திவந்த தன் வொர்க்ஃப்ளோமேக்ஸ் மென்பொருளை 2024 ஜூனில் நிறுத்தியது. மைக்ரோசாப்ட் தன் ப்ராஜெக்ட் ஆன்லைன் சேவையை 2026 செப்டம்பர் 30 அன்று நிறுத்துவதாக அறிவித்தது. வேலைகளின் விவரத்தைப் பதிவிறக்கப் பொதுவாக வழி இருக்கும். டெம்ப்ளேட்டை வேறு மென்பொருளுக்கு அப்படியே கொண்டுபோக வழி அரிது. ஓர் எக்செல் தாளில் பணி, முன்பணி, காத்திருப்பு, பொறுப்பு என்று நான்கு பத்தி போதும்.

கணக்கு எங்கிருந்து வருகிறது

பணிக்கு இத்தனை மணி நேரம் என்று டெம்ப்ளேட்டில் எழுதும் எண்ணை யார் தருகிறார்கள்? உளவியலாளர் டேனியல் கானமன் தன் நூல் ஒன்றில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். 1970களில் இஸ்ரேலில் பள்ளிகளுக்கு ஒரு பாடத்திட்டம் எழுதும் குழுவில் இருந்தார். எப்போது முடியும் என்று எல்லோரிடமும் எழுதி வாங்கினார். ஏறக்குறைய இரண்டு ஆண்டு என்று விடை வந்தது. பிறகு பாடத்திட்ட நிபுணரான சீமோர் ஃபாக்ஸிடம் இதே போன்ற மற்ற குழுக்களுக்கு எவ்வளவு பிடித்தது என்று கேட்டார். சுமார் 40 விழுக்காட்டினர் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழிலிருந்து பத்து ஆண்டு ஆனது என்றார் ஃபாக்ஸ். சற்று முன் இரண்டாண்டு என்று எழுதியவர்களில் அவரும் ஒருவர். கடைசியில் எட்டு ஆண்டு பிடித்தது. விவரம் அறையிலேயே இருந்தது. கேட்கும் வரை அதைத் திட்டத்தோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

முடிந்த வேலைகளின் உண்மைக் கணக்கைக் கொண்டுவந்து எதிரே வைக்கும் வாய்ப்பு டெம்ப்ளேட்டில் இருக்கிறது. அதைக் கெடுப்பது டைம்ஷீட். டெம்ப்ளேட்டில் ஆறு மணி நேரம் என்று இருந்தால், செய்தவர் ஒன்பது மணி நேரம் எடுத்திருந்தாலும் 'ஆறு' அல்லது 'ஆறரை' என்றே எழுதுகிறார். மீதி நேரம் 'இதர பணிகள்' கணக்கில் போகிறது. மேலாளர் அதைப் பார்த்துவிட்டு நம் கணிப்பு சரியாக இருக்கிறது என்று மகிழ்கிறார். தன் தவறுக்கான சாட்சியத்தை டெம்ப்ளேட்டே கலைத்துவிடுகிறது. நேரம் எழுதுபவரின் திரையில் கணிப்பைக் காட்டாமலிருப்பது ஒரு வழி. தொடங்கிய நாள், முடிந்த நாள் ஆகிய இரண்டு முத்திரைகளை மட்டும் நம்புவது இன்னொரு வழி. அவற்றில் பொய் சொல்வது சற்றுக் கடினம். கடைசிப் பத்து வேலைகளின் சராசரியைவிட அவற்றின் நடு எண்ணை எடுப்பது மேல். வழக்கில் போய் ஒன்றரை வருடம் நின்ற ஒரு வீடு சராசரியைச் சிதைத்துவிடும், நடு எண்ணை அசைக்காது.

எழுதுவது யார்

1911இல் ஃபிரடெரிக் டெய்லர் 'அறிவியல் மேலாண்மை' பற்றி எழுதியபோது பிரிவு தெளிவாக இருந்தது: திட்டமிடும் அறையில் இருப்பவர்கள் எழுதுவார்கள், தளத்தில் இருப்பவர்கள் செய்வார்கள். இன்றைய மென்பொருள்களின் அனுமதி அமைப்பைப் பாருங்கள். டெம்ப்ளேட்டைத் திருத்தும் உரிமை அட்மினுக்கு மட்டும். சைட்டில் நிற்பவருக்கு டிக் போடும் உரிமை உண்டு. டெய்லரின் அறை சுவர்கள் இல்லாமல் தொடர்கிறது.

மாற்று வழி கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய கார் ஆலையை 1984இல் டொயோட்டாவோடு சேர்ந்து 'நும்மி' என்ற பெயரில் மறுபடி திறந்தார்கள். தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழையவர்கள், சங்கமும் பழையது. முன்பு வேலைக்கு வராதவர்களின் விகிதமே 20 விழுக்காட்டைத் தாண்டியிருந்த இடம் அது. புதிய ஆலையில் வேலை முன்னைவிட இறுக்கமாக, விநாடிக் கணக்கில் வரையறுக்கப்பட்டிருந்தது. ஆனால் ஸ்டாப் வாட்ச் தொழிலாளர்கள் கையில் இருந்தது. குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் நேரம் பார்த்து, எது நல்ல வழி என்று பேசி, அவர்களே எழுதினார்கள். அடுத்த ஷிஃப்ட்டோடு ஒப்பிட்டார்கள், மறுபடி திருத்தினார்கள். வராதவர் விகிதம் 3, 4க்கு இறங்கியது. அந்த ஆலையை ஆராய்ந்த பால் ஆட்லர், பிரையன் போரிஸோடு சேர்ந்து 1996இல் எழுதிய கட்டுரையில் விதிகளை இரண்டாகப் பிரித்தார். நம் மொழியில் சொன்னால் கைகொடுக்கும் விதி, கைகட்டும் விதி. விதியின் நீளமோ கண்டிப்போ இதைத் தீர்மானிப்பதில்லை. செய்பவருக்கு அதன் காரணம் தெரிகிறதா, இடறும் இடத்தில் அவரே திருத்த முடிகிறதா என்பதுதான் கேள்வி.

நும்மியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைச் சற்றுக் கூடுதலாகவே புகழ்வார்கள். சங்கத்துக்குள்ளேயே வேலை வேகத்தை எதிர்த்த அணி இருந்தது. ஆனாலும் டெம்ப்ளேட் எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது ஏன் வந்தது என்று அரை வாக்கியம் எழுதும் வழக்கம் வந்தாலே பாதி இறுக்கம் தளரும். 'வாட்டர் புரூஃபிங் சோதனை' என்பதோடு 'தளம் போட்டபின் கசிவு தெரிந்து டைல்ஸை உடைக்க நேர்ந்தது' என்று இருந்தால் சூப்பர்வைசர் அதைத் தாண்டிப் போகமாட்டார். காரணம் காலாவதியானால் வரியை எடுக்கவும் தயக்கம் இருக்காது.

இப்போது மென்பொருள்களில் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. 'இரண்டு மாடி வீடு, சென்னை' என்று எழுதினால் அறுபது பணிகளைப் பட்டியலிட்டுத் தரும். வெறும் தாளோடு உட்கார்வதைவிட நல்லது, மறந்துபோன ஒன்றிரண்டை நினைவூட்டும். ஆனால் அது தருவது எல்லோருடைய பொதுவான பட்டியல். உங்கள் எலக்ட்ரீஷியன் ரூஃப் கான்கிரீட்டுக்கு முந்தின நாள்தான் பைப் போட வருவார் என்பது அதற்குத் தெரியாது.

திரும்பும் பாதையை எங்கே போடுவது? வழக்கமான அறிவுரை, டெம்ப்ளேட்டின் கடைசி வரியாக 'கற்ற பாடங்களை எழுதி டெம்ப்ளேட்டைத் திருத்து' என்று ஒரு பணி வைப்பது. நடைமுறையில் அந்த வரிக்குத்தான் யோசிக்காமல் டிக் விழும். வேலை முடிந்துவிட்டது, கடைசி பில் பாக்கி, ஆட்கள் அடுத்த சைட்டுக்குப் போயாயிற்று. திருத்தினால் லாபம் இனி வரப்போகும் யாரோ ஒருவருக்கு. அந்தப் பணியை அடுத்த வேலையின் முதல் வரிக்கு மாற்றலாம். புதிய வேலையை ஏற்பவர், போன வேலையை நடத்தியவரோடு அரை மணி நேரம் உட்கார வேண்டும். கையில் டெம்ப்ளேட்டும், உண்மையில் நடந்த நாட்களும், வழியில் சேர்த்த வரிகளும், டிக் விழாமலே கிடந்த வரிகளும். முதலில் டெம்ப்ளேட்டைத் திருத்திப் புதிய பதிப்பாகச் சேமித்து, அதிலிருந்துதான் தன் வேலையைத் தொடங்க வேண்டும். அவருக்கு அதில் சுயநலம் உண்டு: திருத்தாமல் விட்ட படிக்கட்டில் தடுக்கி விழப்போவது அவர்தான். இதற்கு அட்மின் உரிமையை அவருக்கு அந்த அரை மணி நேரத்துக்காவது கொடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான மென்பொருள்களின் அமைப்புப் பக்கத்தில் அது ஒரே ஒரு கட்டம்.